கடைமடைக்குச் சிவப்பு

இரவு ஒன்பதுக்குப் பச்சை விட்டேன்.
பத்து நிமிடம். பிறகு கழுவிவிட்டேன்.
அந்தப் பத்து நிமிடத்தில் எந்தெந்த இடத்தில்
டி.என்.ஏ. தன்னைப் படியெடுத்துக்கொண்டிருந்ததோ
அங்கெல்லாம் பச்சை ஒட்டியிருக்கும்.
சிவப்புக்கு இன்னும் ஆறு மணி நேரம்.

செல்கள் இருக்கும் பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரி.
சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டைக்கு அது குளிர்.
இப்போது கார்த்திகை. வெளியே
விட்டுவிட்டுப் பெய்கிறது.
எப்சிபா டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
"கரண்டு போனா யுபிஎஸ் நாப்பது நிமிசம்தான்" என்று
சொல்லிவிட்டுப் போனாள்.
அவள் தினமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

கல்லூரியில் எனக்குக் காட்டிய படம் வேறு.
அதில் டி.என்.ஏ. தண்டவாளம்,
நொதி அதன்மேல் ஓடும் ரயில்.
உயிருள்ள உட்கருவுக்குள்
நெல்லை எக்ஸ்பிரஸ் நின்ற இடத்திலேயே நிற்கிறது;
தண்டவாளம்தான் அதற்குள் ஓடி நுழைந்து
இரண்டு தண்டவாளமாக வெளியே வருகிறது.
இப்படி ஆயிரக்கணக்கான நிலையங்கள்,
ஒரு கடுகுக்குள் பத்து லட்சம் அடங்கும் அறையில்.
நூல் மட்டும் இரண்டு மீட்டர்.
சிக்கு விழவில்லை.
நான் இயர்போனைப் பையில் போட்டு எடுத்தால் விழுகிறது.

எங்கே தொடங்கலாம் என்று முந்தியே சீட்டுக் கொடுத்தாயிற்று.
தொடங்கியதும் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.
இந்தச் சுற்றில் இரண்டாம் முறை யாருக்கும் இல்லை.
சிபாரிசு எடுபடாது.

இரண்டே காலுக்கு அண்ணன் பேச்சிமுத்து கூப்பிட்டான்.
"ஏளா, முழிச்சா இருக்க?"
"ஆமா. தண்ணி வந்துட்டா?"
"ரெண்டு மடை தள்ளி நிக்கி.
மேல உள்ளவன் இன்னும் அடைக்கல.
லஸ்கர் போன எடுக்க மாட்டேங்காரு.
காலைல எட்டு மணிக்கு ஷட்டர எறக்கிருவாவளாம்."
அவன் பின்னால் தவளைச் சத்தம்.
என் பின்னால் ஏசிச் சத்தம்.
பாளையங்கால்வாயில் எங்களுடையது கடைசி மடை.

மூன்று மணிக்குச் சிவப்பு விட்டேன்.

நாலரைக்குத் திரையில் வந்தது.
பச்சை நடுவில், பொடிப்பொடியாக, நூறு நூறாக:
ஓயாமல் வாசிக்கப்படும் ஜீன்கள் இருக்கும் இடம்.
செல்லுக்கு வேலைக்கு ஆகிறவர்கள் முதல் பந்தி.
சிவப்பு ஓரத்தில்,
உட்கருவின் சுவரை ஒட்டி, திட்டுத்திட்டாக:
இறுக்கிச் சுருட்டி வைத்த, யாரும் வாசிக்காத பக்கங்கள்.
ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை.
பச்சை பச்சைதான். சிவப்பு சிவப்புதான்.
நாளை இது இரண்டு செல் ஆனாலும்
அந்த இரண்டிலும் இதே வரிசைதான்
ஏறத்தாழ.

கடைசியில் படியெடுக்கும் பகுதியில்
எழுத்துப்பிழை கூடுதல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.
ஏன் என்பதற்கு நாலு காரணம் சொல்கிறார்கள்.
எனக்கு ஐந்தாவது ஒன்று தோன்றியது.
ஆய்வேட்டில் அதை எழுத முடியாது.

ஆனால் ஒன்று.
அந்த ஓரத்துச் சிவப்பு முடிகிறவரைக்கும்
செல் காத்திருக்கிறது.
ஒரு திட்டு பாக்கி என்றாலும்
பிரிவதற்கு உத்தரவு இல்லை.
நடுவில் எல்லாம் ஆகிவிட்டதே, போதும் என்று
யாரும் எட்டு மணிக்கு எதையும் இறக்குவதில்லை.
காத்திருக்கத் தவறும் செல்களும் உண்டு.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அவற்றுக்குத் தனி வார்டு.

ஆறே முக்காலுக்கு வாட்ஸ்அப்.
வரப்பு, டார்ச் வெளிச்சம், கலங்கல் தண்ணீர்.
"வந்துட்டு. கூடவே ரெண்டு செருப்பு,
ஒரு தெர்மாகோல், மேலப்பாளையத்துச் சாக்கடை."
அடுத்த செய்தி:
"பாதி வயல் நனஞ்சிரும்."

படத்தைச் சேமிக்கக் கோப்புக்குப் பெயர் கேட்டது.
தேதியைப் போட்டேன்.
பிறகு அழித்துவிட்டு
மடை என்று போட்டேன்.
யுபிஎஸ் ஒருமுறை கீச்சென்றது.
கரண்டு போகவில்லை.